வயிற்று மருந்திலும் தடுப்பூசியிலும் கேபிள் உறையிலும் ஒரே பெயர்: அலுமினியம் ஹைட்ராக்சைடு

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்தின் பாட்டிலில் அலுமினியம் ஹைட்ராக்சைடு என்று போட்டிருக்கிறது, குழந்தைக்குப் போட்ட தடுப்பூசியின் தாளிலும் அதே பெயர், நீங்கள் வேலை செய்யும் கேபிள் தொழிற்சாலையில் பிளாஸ்டிக்கோடு கலக்க வரும் மூட்டையிலும் அதே பெயர். மூன்றும் ஒன்றா, அலுமினியம் உடம்பில் சேர்ந்தால் மறதி நோய் வருமா, கடைசியாக மருந்து பாட்டிலை ஃபிரீசரில் வைத்துக் குளிரக் குளிரக் குடிக்கலாமா. கடைசிக் கேள்வியை நீங்கள் விளையாட்டாகக் கேட்ட மாதிரி தெரிகிறது, ஆனால் அதற்குத்தான் நல்ல பதில் இருக்கிறது. அது கடைசியில்.

முதல் கேள்விக்குப் பதில்: வேதியியல் பெயர் ஒன்று, பொருள் அப்படியே ஒன்றல்ல. ஒரு அலுமினிய அணு, அதைச் சுற்றி மூன்று ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி), அவ்வளவுதான் அதன் கணக்கு. ஆனால் அந்த அணுக்கள் ஒழுங்காக அடுக்கி உட்கார்ந்தால் அது ஜிப்சைட் என்ற படிகம், கெட்டியான வெள்ளைப் பொடி, உங்கள் மூட்டையில் இருப்பது அதுதான். ஒழுங்கில்லாமல், இடையிடையே தண்ணீரைப் பிடித்துக்கொண்டு குவிந்தால் அது கூழ். வயிற்று மருந்தில் இருப்பது கூழ் வகை. மூட்டைப் பொடியை ஒரு கரண்டி விழுங்கினால் நெஞ்செரிச்சல் நிற்குமா என்றால் நிற்காது, படிகமாகிவிட்ட பொருளை வயிற்று அமிலம் கரைக்க ரொம்ப நேரம் பிடிக்கும், அதற்குள் அது குடலைத் தாண்டிப் போயிருக்கும். கூழையும் சும்மா விட்டுவைத்தால் மெல்ல மெல்லப் படிகமாக மாறி வீரியம் குறையும், அதனால்தான் மருந்து செய்பவர்கள் அதில் கொஞ்சம் கார்பனேட்டைச் சிக்கவைத்து அந்த மாற்றத்தைத் தள்ளிப்போடுகிறார்கள்.

இந்தக் கூழைக் கல்லூரி ஆய்வகத்தில் பார்க்காத வேதியியல் மாணவர் இருக்க மாட்டார். படிகாரக் கரைசலில் அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால், பாதி கண்ணாடி மாதிரியும் பாதி மேகம் மாதிரியும் ஒரு வெள்ளை வீழ்படிவு எழும். வடிகட்டப் போனால் ஆரம்பிக்கும் வேதனை. வடிதாளின் துளைகளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், ஒரு மணி நேரம் ஆனாலும் தண்ணீர் இறங்காது, கழுவக் கழுவ உள்ளே உப்பு மிச்சம் இருந்துகொண்டே இருக்கும். நான் அதைச் சபித்த நாட்கள் உண்டு. பிற்பாடுதான் புரிந்தது, எதையும் விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் அந்தக் குணத்துக்காகத்தான் உலகம் இதை வாங்குகிறது.

வயிற்றிலிருந்து ஆரம்பிக்கலாம். அலுமினியம் ஹைட்ராக்சைடுக்கு ஈரியல்பு உண்டு, அதாவது அமிலத்தோடு சேர்ந்தால் காரமாக நடந்துகொள்ளும், வலுவான காரத்தோடு சேர்ந்தால் அமிலமாக நடந்துகொள்ளும். இரண்டிலும் கரையும், நடுவில், பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 நடுநிலை, கீழே போனால் அமிலம்) 6, 7 அளவில், கிட்டத்தட்ட கரையவே கரையாது. இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இது எதிர்கொள்ளும்போது ஒரு மூலக்கூறு மூன்று மூலக்கூறு அமிலத்தைச் சமன்செய்து அலுமினியம் குளோரைடாகவும் தண்ணீராகவும் மாறுகிறது. சமையல் சோடாவைப் போலக் கரியமில வாயுவைக் கிளப்பி ஏப்பம் விடவைக்காது. பிஎச் 4-ஐ நெருங்கியதும் கரைவது தானாகக் குறைந்துவிடும், ஆகவே கொஞ்சம் கூடுதலாகக் குடித்துவிட்டாலும் வயிறு முழுக்கக் காரமாகிவிடாது. மெதுவாக வேலை செய்யும், அதுதான் குறை.

இன்னொரு குறை மலச்சிக்கல். அலுமினிய அயனி குடல் தசையைத் தளர்த்திவிடுகிறது. இதற்கு மருந்து செய்பவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும்: வயிற்றுப்போக்கை உண்டாக்கும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடைக் கூடச் சேர்த்து, இரண்டு பக்கவிளைவுகளையும் ஒன்றோடொன்று மோதவிட்டுவிட்டார்கள். மெக்னீசியம் வேகமாக வேலை செய்யும், அலுமினியம் நின்று வேலை செய்யும், அதுவும் வசதி. பாட்டிலில் மூன்றாவதாக சிமெத்திகோன் என்று ஒரு பெயர் இருக்குமே, அது வாயுக் குமிழிகளை உடைப்பதற்கு, அமிலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

சரி, கரைந்த அலுமினியம் எங்கே போகிறது? பயம் அங்கேதானே. இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போனதும் அங்கே பைகார்பனேட் காத்திருக்கிறது, பிஎச் ஏறுகிறது, அலுமினியம் மறுபடியும் ஹைட்ராக்சைடாக வீழ்ந்துவிடுகிறது, அல்லது உணவில் உள்ள பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு கரையாத அலுமினியம் பாஸ்பேட் ஆகி மலத்தோடு வெளியேறுகிறது. இரத்தத்தில் சேர்வது பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழே. அந்தக் கொஞ்சத்தையும் நல்ல சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும்.

இந்த ஏற்பாட்டை நாமே கெடுத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி புளிப்புப் பழங்களில் இருக்கும் சிட்ரேட், கரையாமல் கிடக்கும் அலுமினியத்தைச் சுற்றிப் பிடித்துக் கரையவைத்து இரத்தத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்விடும். தண்ணீரில் போட்டால் பொங்கும் மாத்திரைகள் பலவற்றிலும் சிட்ரேட் உண்டு. ஆகவே இந்த மருந்தைக் குடித்த கையோடு எலுமிச்சைச் சாறு வேண்டாம்.

பிடித்துக்கொள்ளும் குணம் வேறு மருந்துகளையும் விடுவதில்லை. டெட்ராசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளை அலுமினியம் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும், விழுங்கிய மாத்திரையின் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியே போகும். தைராய்டுக்கான லெவோதைராக்சின், இரும்புச்சத்து மாத்திரை, இவற்றுக்கும் இதே கதி. சிப்ரோஃபிளாக்சசின் என்றால் வயிற்று மருந்துக்கு 2 மணி நேரம் முன்னால் அல்லது 6 மணி நேரம் கழித்து, லெவோதைராக்சின் என்றால் 4 மணி நேர இடைவெளி என்பது வழக்கமான அறிவுரை. தொண்டைப் புண்ணுக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டும் கேட்கவில்லை என்று சொல்பவரிடம், நடுவில் வயிற்றுக்கு என்ன குடித்தீர்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மாதக்கணக்கில் தினமும் குடித்தால் பாஸ்பேட்டைப் பிடிக்கும் வேலை ஆபத்தாகிறது. உணவிலிருந்து வரும் பாஸ்பேட் எல்லாம் மலத்தோடு போய்விட்டால் எலும்பு மிருதுவாகும், தசை தளரும். அளவாக, சில நாட்களுக்கு என்றால் கவலை இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தேவைப்படுகிறதென்றால் நெஞ்செரிச்சலுக்கு வேறு காரணம் இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது மறதி நோய்க்கு வருகிறேன், ஏனென்றால் அந்தப் பயத்தின் ஒரு வேர் இதே பாஸ்பேட் கதையில்தான் இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இரத்தத்தில் பாஸ்பேட் ஏறிவிடும். அதைக் குறைக்க ஒரு காலத்தில் அலுமினியம் ஹைட்ராக்சைடைத்தான் கைநிறையக் கொடுத்தார்கள், நன்றாகவே வேலை செய்தது. ஆனால் உள்ளே போகும் துளி அலுமினியத்தை வெளியேற்ற அவர்களிடம் சிறுநீரகம் இல்லையே. இதோடு டயாலிசிஸ் தண்ணீர் வேறு. 4 மணி நேர டயாலிசிஸில் 100 லிட்டருக்கும் மேலான திரவம் ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கம் ஓடுகிறது, அந்தத் தண்ணீரில் அலுமினியம் இருந்தால் குடல் என்ற காவல் இல்லாமல் நேராக இரத்தத்துக்குள் வரும். 1970களில் பல டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் பேச்சு தடுமாறியது, கை கால் வெட்டி இழுத்தது, நினைவு போனது, பலர் இறந்தார்கள். 1976-ல் அமெரிக்காவின் டென்வரைச் சேர்ந்த ஆலன் ஆல்ஃப்ரே என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் இறந்தவர்களின் மூளையில் அலுமினியம் மிக அதிகமாக இருப்பதைக் காட்டி, காரணம் அலுமினிய நச்சாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அதன்பின் டயாலிசிஸ் தண்ணீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் அலுமினியம் இருக்கக்கூடாது என்ற அளவு வந்தது, பாஸ்பேட்டைப் பிடிக்க கால்சியம் அசிடேட், செவெலமர், லாந்தனம் கார்பனேட் என்று வேறு மருந்துகள் வந்தன, அந்த நோயும் அரிதாகிப்போனது.

அலுமினியம் மூளைக்கு நச்சாக முடியும் என்பதற்கு இது உறுதியான சாட்சி. நீங்கள் கேட்ட மறதி நோய்க்கு, அதாவது அல்சைமர் நோய்க்கு, அலுமினியம்தான் காரணம் என்பதற்கு இது சாட்சி ஆகாது. டயாலிசிஸ் நோயாளிகளின் மூளையில் தெரிந்த மாற்றம் வேறு, அல்சைமரில் தெரிவது வேறு. அலுமினிய மருந்தைத் தொடர்ந்து குடித்தவர்களுக்கு அல்சைமர் கூடுதலாக வந்ததா என்று தேடியபோதும் தெளிவான தொடர்பு எதுவும் அகப்படவில்லை. பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் 8 சதவீதம் அலுமினியம், தின்பதிலும் குடிப்பதிலும் அது இல்லாமல் இருக்காது, இதற்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு வாரத்துக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1 மில்லிகிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்த வயிற்று மருந்தை மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது, அதில் சமரசமே இல்லை.

அடுத்து தடுப்பூசி. 1926-ல் லண்டனில் அலெக்சாண்டர் கிளென்னி என்பவர் டிப்தீரியா நச்சுப்பொருளைச் செயலிழக்கச் செய்து தடுப்பூசியாக்கும் வேலையில் இருந்தார். அதோடு படிகாரத்தைச் சேர்த்து வீழ்படிவாக்கி, அந்தக் கலங்கலை அப்படியே கினிப்பன்றிகளுக்குப் போட்டபோது, சுத்தமான கரைசலைப் போட்டதைவிட எதிர்ப்பாற்றல் வெகுவாகக் கூடியிருந்தது. அன்று தொடங்கிய பழக்கம் நூறு வருடம் ஆகியும் விடவில்லை. டிப்தீரியா, டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி, எச்பிவி (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்) தடுப்பூசிகளில் பெரும்பாலும் ஏதோ ஒரு அலுமினிய உப்பு இருக்கும். தட்டம்மை மாதிரி உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்தவற்றில் இருக்காது, அவற்றுக்கு இந்தத் தூண்டுதல் தேவையில்லை.

இங்கே பெயரில் ஒரு சின்ன ஏமாற்று இருக்கிறது. தடுப்பூசித் தாளில் அலுமினியம் ஹைட்ராக்சைடு என்று போட்டாலும், அதன் அமைப்பை எக்ஸ் கதிரில் பார்த்தால் அது போமைட் என்ற கனிமத்தோடு பொருந்துகிறது, அதாவது ஹைட்ராக்சைடிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு குறைந்த ஆக்சிஹைட்ராக்சைடு. மிக நுண்ணிய நார் போன்ற துகள்கள், ஒரு கிராமின் பரப்பை விரித்தால் ஏறத்தாழ 500 சதுர மீட்டர். உடம்பின் பிஎச்-ல் அதன் மேற்பரப்பில் நேர்மின்னூட்டம் இருக்கும், டிப்தீரியா, டெட்டனஸ் புரதங்களில் எதிர்மின்னூட்டம், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் இந்தத் துகள்கள் மருந்தைச் சேமித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் எதிர்ப்பாற்றல் கூடுகிறது என்று பாடம் சொன்னார்கள். இப்போது அந்த விளக்கம் தேய்ந்துவிட்டது, துகள்கள் நோய் எதிர்ப்புச் செல்களையே உசுப்பிவிடுகின்றன என்பதற்கு ஆதாரம் நிறைய வந்திருக்கிறது.

அளவைப் பார்ப்போம். அமெரிக்க விதிப்படி ஒரு தவணையில் அலுமினியம் 0.85 மில்லிகிராம் வரை, சில தடுப்பூசிகளுக்கு மட்டும் அதற்குக் கொஞ்சம் மேலே அனுமதி. ஒரு வேளை வயிற்று மருந்தில் 250 மில்லிகிராம் ஹைட்ராக்சைடு இருந்தால் அதில் அலுமினியம் மட்டும் 86 மில்லிகிராம். நூறு மடங்கு என்று சொல்லி இங்கே நிறுத்திவிடுவார்கள் பலர், அது நேர்மையான ஒப்பீடு இல்லை, குடித்ததில் பெரும்பகுதி குடலோடு போய்விடும், ஊசியில் போனது முழுவதும் உடம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் இரத்தத்தில் வந்து கொட்டுவதில்லை. 1997-ல் முயல்களில் அளந்து பார்த்தபோது, தடுப்பூசியில் சேர்க்கும் ஹைட்ராக்சைடிலிருந்து 28 நாளில் 17 சதவீதம்தான் இரத்தத்துக்கு வந்திருந்தது, வந்ததை வரவர சிறுநீரகம் வெளியேற்றிக்கொண்டிருக்கும். 2025-ல் டென்மார்க்கில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை எடுத்து, தடுப்பூசி அலுமினியத்துக்கும் ஆட்டிசம், ஆஸ்துமா உள்ளிட்ட 50 நாட்பட்ட கோளாறுகளுக்கும் தொடர்பு தெரிகிறதா என்று பார்த்தார்கள், ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. ஊசி போட்ட இடத்தில் சின்னக் கட்டி, வீக்கம், சிலருக்கு அரிப்பு, இவை வரும், போய்விடும்.

குடிநீரிலும் இதே ஒட்டும் வேலைதான், ஆனால் அங்கே ஹைட்ராக்சைடை வாங்கிப் போடுவதில்லை, அங்கேயே பிறக்கவைக்கிறார்கள். அலுமினியம் சல்பேட்டைக் கலங்கல் தண்ணீரில் விட்டால் அது தண்ணீரின் இயல்பான காரத்தன்மையோடு சேர்ந்து ஹைட்ராக்சைடுத் திப்பிகளாகிறது, அந்தத் திப்பிகள் களிமண்ணையும் கிருமிகளையும் வாரிக்கொண்டு அடியில் போய் உட்காரும். தெளிந்த நீர் மேலே. பிஎச் சரியாக இருந்தால் அலுமினியம் அத்தனையும் திப்பியோடு போய்விடும், தவறினால் கரைந்து நிற்கும். 1988 ஜூலையில் இங்கிலாந்தின் கேமல்ஃபோர்டு பகுதியில் 20 டன் அலுமினியம் சல்பேட்டைத் தவறான தொட்டியில் ஊற்றிவிட்டார்கள், சுமார் 20,000 பேருக்கான குடிநீர் அது, பால் திரிந்தது, வாயில் புண் வந்தது, வருடக்கணக்கில் விசாரணை நடந்தது.

துணிச்சாயத்தில் இதுதான் நிறமூன்றி. பருத்தியில் நேராக ஒட்டாத சாயத்தை, முதலில் இழைமேல் படிந்த அலுமினியம் ஹைட்ராக்சைடு பிடித்து வைத்துக்கொள்ளும். கரையும் சாயத்தை ஹைட்ராக்சைடின் மேல் ஏற்றிக் கரையாத வண்ணப்பொடியாக்கினால் அதற்கு ‘லேக்’ என்று பெயர், மாத்திரைகளின் மேல்பூச்சு வண்ணத்தில் அலுமினியம் லேக் என்று எழுதியிருப்பது அதுதான். லேக் என்ற சொல்லே நம் அரக்கிலிருந்து எடுத்த சிவப்புச் சாயத்தின் வழியாக வந்தது.

இந்தச் சாயத் தேவையிலிருந்துதான் இன்றைய அலுமினியத் தொழிலே கிளைத்தது என்பது பலருக்குத் தெரியாது. கார்ல் யோசெஃப் பாயர் ஆஸ்திரிய வேதியியலாளர், 1880களில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் துணிச்சாயத் தொழிலுக்கு வேண்டிய ஹைட்ராக்சைடைச் சுலபமாகச் செய்ய வழி தேடிக்கொண்டிருந்தார். வடிகட்ட முடியாத கூழ்தான் அவருக்கும் தலைவலி. 1887-ல் அவர் கண்டது: வலுவான காரமான காஸ்டிக் சோடாவில் அலுமினியம் கரைந்த கரைசலில் ஏற்கெனவே செய்த ஹைட்ராக்சைடுப் பொடியை விதை போலத் தூவிக் கலக்கிக்கொண்டே இருந்தால், கூழ் வராமல் மணிமணியாகப் படிகம் விழும், நொடியில் வடிகட்டலாம். அப்புறம் அலுமினியம் கிடைக்கும் பாக்சைட் தாதுவையே அழுத்தக் கொப்பரையில் சூடான காஸ்டிக் சோடாவில் கரைக்கும் வழியையும் சேர்த்தார். ஈரியல்பு இல்லாத இரும்பு ஆக்சைடு கரையாமல் சிவப்புச் சேறாகத் தங்கிவிடும், அலுமினியம் மட்டும் கரைசலோடு வரும். அந்த விதை தூவும் வழிக்கு ஒரு வருடம் முன்புதான், 1886-ல், அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியாக மின்சாரத்தால் அலுமினிய உலோகம் எடுக்கும் முறையைக் கண்டிருந்தார்கள், அவர்களுக்குத் தேவைப்பட்ட தூய அலுமினாவை, அதாவது அலுமினியம் ஆக்சைடை, பாயரின் ஹைட்ராக்சைடை 1,000 டிகிரிக்கு மேல் சுட்டுப் பெற முடிந்தது. இன்றும் அலுமினியம் உலோகம் அநேகமாக இந்த வழியில்தான் வருகிறது. அந்தச் சிவப்புச் சேறு எங்கே போகிறது என்பது தனி வருத்தம், 2010 அக்டோபரில் ஹங்கேரியின் ஆய்கா அருகே சேற்றுத் தேக்கத்தின் கரை உடைந்து 10 பேர் இறந்தார்கள்.

இப்போது உங்கள் மூட்டை. கேபிள் உறையில் இது தீத்தடுப்பான். படிகப் பொடியின் எடையில் 34.6 சதவீதம் தண்ணீர், ஈரமாக இல்லை, ஹைட்ராக்சில் வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. 200 டிகிரி வாக்கில் அது பிரிந்து அலுமினாவும் நீராவியும் ஆகும். பிரிவதற்கே வெப்பத்தை உறிஞ்சுவதால் பிளாஸ்டிக் குளிர்கிறது, ஆவி எரியும் வாயுக்களை நீர்க்கச் செய்கிறது, மிஞ்சும் அலுமினா மேலே ஓடு மாதிரி மூடுகிறது. குளோரின், புரோமின் சேர்ந்த தீத்தடுப்பான்களைப் போல நச்சுப் புகை வராது, அதனால்தான் சுரங்க ரயில், கப்பல், மருத்துவமனை மாதிரி ஆட்கள் சட்டென்று வெளியேற முடியாத இடங்களில் இந்த வகைக் கேபிளை விரும்புகிறார்கள். இதற்குக் கொடுக்க வேண்டிய விலை, கலக்கும் அளவு: 100 கிலோ உறையில் 60 கிலோ வரை பொடியையே கலக்க வேண்டியிருக்கும், உறை விறைப்பாகும், இயந்திரம் திணறும், அதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதில் ஒளிந்திருக்கும் தண்ணீர் மட்டும் 20 கிலோவுக்கு மேல். வார்க்கும் வெப்பம் 200 டிகிரியைத் தாண்டும் பிளாஸ்டிக்குக்கு இது உதவாது, இயந்திரத்துக்குள்ளேயே ஆவி கிளம்பிக் குமிழிவிடும், அங்கே 300 டிகிரிக்கு மேல் தாங்கும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு போடுவார்கள். வயிற்று மருந்தில் பார்த்த அதே ஜோடிதான். பொடி நச்சு அல்ல, ஆனால் எந்த நுண்தூசியும் நுரையீரலுக்கு நல்லதில்லை, மூட்டை பிரிக்கும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஃபிரீசர். வேண்டாம். மருந்துக் கூழ் உறையும்போது தண்ணீர் தனியாகப் பனிக்கட்டியாகி, துகள்களை ஒரு மூலையில் நெருக்கித் தள்ளுகிறது, அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும், மறுபடி உருகினாலும் பழைய மிருதுவான கூழ் திரும்பாது. தடுப்பூசியில் இது இன்னும் மோசம், உறைந்தால் வீரியமே போய்விடும். சுகாதாரப் பணியாளர்கள் இதைக் கண்டுபிடிக்கக் குலுக்கிப் பார்க்கிறார்கள்: சந்தேகப்படும் குப்பியையும், வேண்டுமென்றே உறையவைத்து உருக்கிய அதே தொகுதிக் குப்பி ஒன்றையும் சேர்த்துக் குலுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். நல்லது வெகுநேரம் கலங்கலாகவே நிற்கும். உறைந்தது அரை மணி நேரத்துக்குள் திப்பித் திப்பியாக அடியில் இறங்கிவிடும். உங்கள் பாட்டிலில் குலுக்கிய பிறகும் அப்படித் திப்பி தெரிந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.